கொழுந்து பொறுக்கிய எவாரிஸ்தோ

பார்வையிலேயே தரம் சொல்லிவிடும் மனிதர்கள் என்று ஓர் இனம் உண்டு. உங்கள் ஊரில் நாலைந்து பேர் இருப்பார்கள். எங்கள் கஹமார்க்கா மலைப் பள்ளத்தாக்கில் கொஞ்சம் அதிகம்.

எங்கள் தெரு எவாரிஸ்தோ அந்த இனத்தின் தலைமகன். ஆடு வளர்ப்பவர். விடிந்ததும் வாய்க்காலில் இறங்கி, அங்கே படர்ந்திருக்கும் பெர்ரோ கீரையில் பழுத்ததை ஒதுக்கி, புள்ளி விழுந்ததை ஒதுக்கி, தண்ணீரில் பாதி முழுகித் தளதளவென்று நிற்கும் கொழுந்தை மட்டும் கிள்ளி, பச்சையாக அரைத்து, எலுமிச்சை பிழிந்து, வெறும் வயிற்றில் குடிப்பார். எதற்கு? ஈரலுக்கு நல்லதாம்!

சில மாதமாக வலது விலாவுக்குக் கீழே குத்தல். "குளிர்காத்து" என்றார். சட்டை தொளதொளத்தது. "உடம்பு இறுகுது" என்றார். மனைவி ஹசிந்தாதான் பயந்துபோயிருந்தாள்.

அவருடைய ஆடுகளில் இரண்டு செத்து விழுந்தன. கால்நடை மருத்துவர் நெலிதா ஈரலைக் கீறிக் காட்டினார். உள்ளே தட்டைப்புழுக்கள். வாய்க்கால் நத்தையிலிருந்து குஞ்சுப்புழு வெளியே வரும், நீந்திப் போய் இலையில் ஒட்டிக்கொள்ளும், இலையைத் தின்கிறவர் ஈரலுக்குள் குடியேறும் என்றார். "ஆட்டுக்கு மட்டுமில்ல, ஆளுக்கும் வரும்."

"அழுகின எலையில இருக்கும், டாக்டரம்மா. நான் பொறுக்குற கீரையில அண்டுமா? கண்ணு எதுக்கு இருக்கு?"

"சரிங்கய்யா, புழுவையே கேட்டுப் பாத்துருவோம்."

மறுநாள் காலை, சந்தையில் ஒரு கண்ணாடித் தட்டு. தண்ணீர், நாலு நத்தை, ஒரு கூழாங்கல், ஓர் அழுகல் இலை, எவாரிஸ்தோ தம் கையால் பொறுக்கிய ஒரு கொழுந்து. பாதித் தெரு கூடிவிட்டது. நத்தையிலிருந்து வாலாட்டிக்கொண்டு தூசிகள் கிளம்பின. வாடகை வீடு பார்க்க வந்தவர்களைப் போல் கல்லைத் தொட்டுப் பார்த்து விலகின. அழுகலைச் சுற்றிவிட்டு நகர்ந்தன. கொழுந்துக்கு வந்ததும் வாலை உதிர்த்துவிட்டு அப்படியே ஒட்டிக்கொண்டன. மதியத்துக்குள் இலையடியில் குண்டூசித் தலையளவுகூட இல்லாத வெள்ளைப் பொட்டுகள். கல்லில் மூன்று. அழுகலில் ஐந்து. கொழுந்தில் எழுபத்திரண்டு!

"கழுவினா போயிரும்" என்றார் எவாரிஸ்தோ.

நெலிதா குழாயடியில் பிடித்துக் கழுவிக் காட்டினார். ஒரு பொட்டும் அசையவில்லை.

"ஏங்க, அதுங்களுக்கும் உங்களுக்கும் ஒரே ருசிதான்!" என்றாள் ஹசிந்தா. சந்தையே சிரித்தது. அவள் சிரிப்பு மட்டும் பாதியில் உடைந்தது. "இப்பவே ஆசுபத்திரிக்கு வாங்க. வரலன்னா நான் எங்க அம்மா வீட்டுக்குப் போறேன்."

போனார்கள். பரிசோதனையில் புழு முட்டை இருந்தது. அன்று திரும்பும் வழியெல்லாம் எவாரிஸ்தோ அவள் கையை விடவில்லை. மாத்திரை விழுங்கினார். சில வாரத்தில் குத்தல் நின்றது, சதை பிடித்தது.

திருந்தினாரா? அதெப்படி! கீரையை இப்போது கொதிக்க வைத்துத்தான் தின்கிறார். ஆனால் சந்தையில் நின்றுகொண்டு, "ரொம்பத் தளதளன்னு இருந்தா எனக்கு அப்பவே சந்தேகம்" என்று நெலிதாவுக்கே பாடம் எடுக்கிறார்.

நீங்கள் சிரித்தது போதும். ஒன்று கேட்கிறேன்: வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்த்து, தலையை ஆட்டிவிட்டு, பக்கத்தில் நிற்பவருக்கும் சேர்த்துப் பொறுக்கிக் கொடுப்பீர்களே, அவர் உங்களைக் கேட்டாரா?