கடமுடா சாரின் பல்லும் மக்காச்சோளமும்

மதராஸ் பட்டணத்திலேயே தன் வாயை முழுநேர உத்தியோகத்துக்கு வைத்திருந்தவர் ஒருவர்தான். பேசுவதற்கு அல்ல, கடிப்பதற்கு. ரேஷன் காலத்தில் மயிலாப்பூர்க் கால்வாயோரத் தானியக் கிடங்குக்கு அவர் தலைவர், நான் குமாஸ்தா. எங்களுக்கு அவர் கடமுடா சார்.

மூட்டை வந்து இறங்கியதும் குத்தூசியால் குத்தி நாலு மணியை எடுத்து வாயில் போட்டுக்கொள்வார். ‘கட’ என்று உடைந்தால் காய்ந்த சரக்கு. சத்தமில்லாமல் நசுங்கினால் ஈரம், வெயிலுக்குப் போகும். அப்புறம்தான் பூச்சி மருந்துப் பொடி.

“ஈரச் சோளத்துல மருந்து தூவறதும் கால்வாய்ல கொட்டறதும் ஒண்ணுதான்யா. வீரியம் சீக்கிரம் செத்துடும், வண்டு சாகாது” என்பார்.

ஒரு கல்யாணத்தில் அட்சதையைக் கடித்துப் பார்த்துவிட்டு, “ஈரம்” என்று மாப்பிள்ளை காதில் சொன்னார். நான் பக்கத்தில் இருந்தேன், ஐயா, பொய் இல்லை.

அப்படிப்பட்டவரிடம் ஒரு மழைக்காலத்தில் மக்காச்சோளம் வந்து சேர்ந்தது. அரிசிக்குத் தட்டுப்பாடு. சுற்றுவட்டாரத்து அடுப்புகளெல்லாம் அந்தச் சோளத்தைத்தான் நம்பியிருந்தன. சார் கடித்தார். எல்லா மூட்டையும் ‘கட’! மழையில் வந்த சரக்கு எப்படி இவ்வளவு காய்ந்திருக்கும் என்று எனக்கு ஆச்சரியம். ஆனால் சார் பல்லை யார் சந்தேகப்படுவது? மருந்து தூவி அடுக்கிவிட்டோம்.

கொஞ்ச நாளில் மூட்டை தூக்கும் ஏகாம்பரம் உள்ளங்கை நிறைய வண்டோடு ஓடி வந்தான்.

“இன்னா சார் இது? மருந்துல குளிச்சிட்டு ஜாலியா மேஞ்சிக்கினு கீது!”

“நானே கடிச்சுப் பார்த்தேன்யா!” என்று சார் கத்தினார்.

அப்போதுதான் கவனித்தேன். வழக்கமான ஓட்டைப் பல்லைக் காணோம். வரிசையாய், வெள்ளை வெளேரென்று பளபளத்தது.

“சார், புதுசா பல் செட்டு கட்டினீங்களா?”

சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார். முகம் வெளுத்துப்போயிற்று. மேல் செட்டும் கீழ் செட்டும் மோதிக்கொண்ட சத்தத்தை மனிதர் சோளத்தின் சத்தம் என்று நம்பியிருக்கிறார்!

“வெளிய சொல்லாதேய்யா அந்தோணி. வாரக் கடைசியில சரக்கைச் சோதிக்க ஆபீசர் வர்றார். வண்டைப் பார்த்தா அத்தனையையும் குழி தோண்டிப் புதைக்கச் சொல்லிடுவார். என் வேலை போனா போகட்டும். ஜனங்க என்னத்தைச் சாப்பிடும்?”

வண்டு போகச் சலித்து முற்றம் முழுக்கப் பரப்பினோம். புண்ணியத்துக்கு வெயில் அடித்தது. கடைசி நாள் மத்தியானம் கடல் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது.

“மழ வர்து சார், அள்ளிடலாமா?” என்றான் ஏகாம்பரம்.

“இன்னும் கொஞ்சம் காயணும். பொறு!”

சார் குடையை விரித்துச் சோளத்துக்குப் பிடித்தார். அவ்வளவு பெரிய முற்றத்துக்கு ஒரே ஒரு குடை! அவர் தலையில் தூறல் விழுந்தது. யாரும் சிரிக்கவில்லை. நல்லவேளை, மேகம் மனசு மாறி அடையாறு பக்கம் போய்த் தொலைந்தது. சாயங்காலம் வரை காயவிட்டு, மறுபடி மருந்து தூவி மூட்டை கட்டினோம்.

மறுநாள் ஆபீசர் வந்தார். மூட்டைகளைக் குத்திப் பார்த்தார், வண்டு இல்லை. ஆனாலும் அவருக்குத் திருப்தி இல்லை.

“இந்த மழைக்காலத்துல இது காஞ்ச சரக்குன்னு எப்படி நம்பறது? உங்க பல்லைப் பத்தி நிறையக் கேள்விப்பட்டிருக்கேன். எங்கே, கடிச்சுக் காட்டுங்க!”

மறுபடி மருந்து தூவுமுன் எடுத்துத் துடைத்து வைத்திருந்த மணிகளில் ஒன்றைச் சார் எடுத்தார். அவர் கடித்தால் எதுவும் ‘கட’ என்றுதான் கேட்கும், ஆபீசரும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விடுவார். சார் கடிக்கவில்லை. ஊரில் வேறு எவன் பல்லையும் நம்பாத மனிதர், மணியை என் கையில் வைத்தார்.

“நீ கடிய்யா. நிஜத்தைச் சொல்லு.”

கடித்தேன். ‘கட’ என்ற சத்தம் கிடங்கு முழுக்கக் கேட்டது.

“காஞ்சிருக்கு சார்” என்றேன். சார் மூட்டைகளுக்குப் பின்னால் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நிஜத்தைச் சொல்லச் சொன்னார், சொன்னேன். ஆனால் அந்த மணி மட்டும் நசுங்கியிருந்தால், அவருக்காக என் வாயாலேயே ‘கட’ என்று கத்தியிருப்பேன்.