பதினேழாம் பக்கத்து வால்வு

"எதுக்கு சார் கேக்குறீங்க?"

கேட்ட பிறகுதான் யெசேனியா நாக்கைக் கடித்துக்கொண்டாள். இந்த அரசு ஆவண அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்த அன்றே மேலதிகாரி மார்லிஸ் சொல்லியிருந்தாள்: அரசாங்கக் கோப்பைக் கேட்டு வருகிறவர் யார், எதற்கு என்று வாயைத் திறக்கவே கூடாது. சட்டம்.

கவுன்டருக்கு அந்தப் பக்கம் நின்ற டுவேன் சுவரைக் காட்டினார். "அதைக் கேக்கக்கூடாதுன்னு உங்க போர்டுலயே போட்டிருக்கேம்மா."

"தெரியும். வாய் முந்திக்கிச்சு. எந்தக் கோப்பு?"

"ஹோல்ஸ்டாட் ஐஸ்கிரீம் ஆலை அரசாங்கத்துக்குக் குடுத்த பாதுகாப்புக் கோப்பு. பதினேழாம் பக்கம். குளிரூட்டுற அமோனியா வாயு கசிஞ்சா எந்த வால்வை மூடணும்னு அதுலதான் வரைஞ்சிருக்கு." குரலைத் தணித்தார். "சீக்கிரம் வேணும். உள்ள நூத்தியெண்பது பேர் வேலை செய்யறாங்க."

நூற்றியெண்பதில் ஒருத்தி யெசேனியாவின் அம்மா. பதினோரு வருஷம் அங்கே டப்பாவுக்கு மூடி போட்டுத்தான் வம்சத்தின் முதல் பட்டதாரியை உருவாக்கினாள். டுவேனின் கறைபடிந்த ஜாக்கெட்டைப் பார்த்ததும், அவரும் அம்மாவைப் போல வயிறெரிந்த தொழிலாளிதான் என்று யெசேனியா முடிவுகட்டிவிட்டாள்.

விதிப்படி முதலில் கம்பெனிக்குக் கடிதம் போக வேண்டும்: உங்கள் கோப்பை ஒருவர் கேட்கிறார், எதையெல்லாம் மறைக்கலாம்? பரீட்சை எழுதியவனிடமே பேப்பரைத் திருத்தக் கொடுக்கிற ஏற்பாடு.

சிகாகோவிலிருந்து கம்பெனி வக்கீல் திருத்தி அனுப்பினார். முப்பது பக்கமும் வரிக்கு வரி கறுப்பு மை. கம்பெனியின் பெயர், முகவரி, ஆலை வாசலில் ஆளுயர எழுத்தில் இருக்கும் தொலைபேசி எண், எல்லாமே வியாபார ரகசியமாம். பதினேழாம் பக்கத்தில் தப்பிப் பிழைத்தது 'மற்றும்' என்ற ஒரே சொல்.

"மற்றதெல்லாம் வேண்டாம், அந்த ஒரு பக்கம் போதும்" என்று யெசேனியா எழுதினாள். அந்த ஒரு பக்கத்தையே குறிவைப்பதால் கேட்பவர் போட்டிக் கம்பெனியின் ஆள்தான் என்று பதில் வந்தது. 'மற்றும்' கூடக் கறுப்பாகியிருந்தது.

வக்கீலுக்கே போன் போட்டாள். "நாளைக்கே கசிஞ்சா எந்த வால்வுன்னு யாருக்கு சார் தெரியும்?"

"கவலையே வேண்டாம். ஆலை மேனேஜர்கிட்ட ஒரு காப்பி பத்திரமா இருக்கு. நீங்க இவ்வளவு ஆர்வமா இருக்கறதாலதான் எங்களுக்கு பயமே. உங்ககிட்ட இருக்கறதைப் பெட்டகத்துல வெச்சுப் பூட்டிடுங்க."

பூட்டச் சொல்லி மார்லிஸ் சாவியைக் கொடுத்தது யெசேனியாவிடம்தான்.

வெள்ளிக்கிழமை டுவேன் வந்து கறுப்புக் கட்டைப் புரட்டிப் பார்த்தார். "இதை வெச்சு ஜன்னலுக்குத் திரை போடலாம்மா." சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "நேத்து லேசா வாடை அடிச்சுது" என்று சொல்லிவிட்டு வெளியே தன் வண்டியில் போய் உட்கார்ந்துகொண்டார்.

யெசேனியா மார்லிஸ் எதிரே போய் நின்றாள். "வாடை அடிக்குதாம். கேட்டுச்சா உங்களுக்கு?"

"கம்பெனி மாட்டேங்குது. நான் என்ன செய்ய?"

"அப்ப நாம எதுக்கு இங்க இருக்கோம்? தகவல் குடுக்கத்தானே?"

"தகவல் இல்லடி. பதில். அவருக்கு பதில் குடுத்தாச்சு, கட்டு கட்டா." மார்லிஸ் டோனட்டைக் கடித்தாள். "உனக்கு இந்த வேலை வேணுமா வேணாமா?"

யெசேனியா போய்ப் பெட்டகத்தைத் திறந்தாள். பதினேழாம் பக்கத்தைப் படியெடுத்தாள். கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றிச் சாவியோடு மார்லிஸின் டோனட் தட்டில் வைத்தாள். ஒரு கொடுங்கோல் கம்பெனியின் ரகசியத்தை ஏழைத் தொழிலாளிக்காக உடைத்த பெருமையில், முதுகு நிமிர்ந்து நடந்தாள்.

வாசலில் காவலாளி வெர்லின் அவள் கையிலிருந்த தாளை எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைத் திறந்துவிட்டார்.

"டுவேனுக்கா? குடும்மா குடு, அந்த ஆலை மேனேஜர்தானே அவன். போன மாசம் ஆலைக்குள்ள புகுந்த வெள்ளத்துல அவன்கிட்ட இருந்த காப்பி ஊறிப்போச்சு, சிகாகோக்காரனுக்குத் தெரிஞ்சா சீட்டு கிழிஞ்சிடும்னுதான் பாவம் இங்க வந்து அலையுறான்."