மானஸ்தரும் வெள்ளிப் பெயின்ற்றும்

திருகோணமலைத் துறைமுகத்தில் மொத்தமாக எவ்வளவு வெட்கம் இருக்கிறதோ, அவ்வளவையும் ஒரே ஆள்தான் பட்டுக்கொண்டிருந்தார். மற்றவர்களுக்கு மிச்சம் வைக்கவில்லை. அதனால்தானோ என்னவோ, அங்கே வேறு ஒருவருக்கும் அது இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

அவர் பெயர் என்னவென்று கேட்காதீர்கள். இறங்குதுறையில் எல்லோருக்கும் அவர் ‘மானஸ்தர்’. தொழில், படகு எஞ்சின் திருத்துவது. அதுவும் முக்கியமாக ஸ்டார்ட்டர்.

என் அண்ணா கனடாவுக்குப் போகும்போது குடாவைக் கடந்து மூதூருக்கு ஆளேற்றும் பழைய மர லோஞ்ச் படகு ஒன்றை என் தலையில் கட்டிவிட்டுப் போனார். அதில் இருந்த டீசல் எஞ்சின் என்னைவிட வயதானது. ஓடத் தொடங்கினால் நிற்காது. ஓடத் தொடங்குவதுதான் பாடு. எஞ்சினை முதல் சுற்றுச் சுற்றிவிடுகிற அந்த ஸ்டார்ட்டர் மோட்டர் நினைத்தால் சுற்றும், நினைக்காவிட்டால் ‘டக்’ என்று ஒரு சத்தம் போட்டுவிட்டுப் படுத்துவிடும். கையால் சுற்றுகிற வசதியும் அதில் இல்லை. ஆகவே லோஞ்சோடு மானஸ்தரும் என் தலையில் வந்து சேர்ந்தார்.

அவர் கொள்கை இதுதான்: எஞ்சின் நின்றால் அது எஞ்சினின் குற்றம் அல்ல, மெக்கானிக்கின் குடும்பத்துக்கே வந்த அவமானம். எனவே பழுது பார்ப்பதை ஒரு குருவியும் பார்க்கக்கூடாது. ஒருநாள் பயணிகள் நிறைந்திருக்க எஞ்சின் ‘டக்’ என்றது. மானஸ்தர் தலையை வெளியே நீட்டி, “அங்க பாருங்கோ, டொல்பின்!” என்று கத்தினார். எல்லோரும் எழுந்து ஒரே பக்கத்துக்கு ஓடினார்கள். லோஞ்ச் சரிந்து, ஒரு கூடைக் கத்தரிக்காய் கடலுக்குள் போயிற்று.

“எங்கயடாப்பா டொல்பின்?” என்று கேட்டார், சுக்கான் பிடிக்கிற, நாங்கள் ‘நானா’ என்று கூப்பிடுகிற முஸ்லிம் அண்ணர்.

“போயிட்டுது. அதுக்கும் வெக்கமா இருந்திருக்கும்” என்றார் மானஸ்தர், உள்ளேயிருந்து.

இன்னொருநாள் ஸ்டார்ட்டரைக் கழற்றி நிலாவெளிப் பக்கத்தில் ஒரு பட்டறையில் புதிதாகச் செம்புக்கம்பிச் சுருள் கட்டுவித்துக்கொண்டு பஸ்ஸில் திரும்பினோம். ஊருக்கு முன்னால் ஸ்டார்ட்டரைக் கையில் பிடிப்பதாவது! துவாயால் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஏறினார். ஒரு அம்மா உடனே எழும்பி இடம் கொடுத்தார். மானஸ்தர் மறுக்க வெட்கப்பட்டு உட்கார்ந்தார்.

“ஆம்பிளைப் பிள்ளையோ, பொம்பிளைப் பிள்ளையோ?”

“பொடியன்.”

“முகத்தை ஒருக்காக் காட்டுங்கோவன்.”

“ஏலாதம்மா. அம்மை போட்டிருக்கு.”

எங்களைச் சுற்றி நான்கு சீற்றுகள் காலியாயின. துவாயிலிருந்து கறுப்பு எண்ணெய் சொட்டத் தொடங்கியது. அவரை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்தில் நின்ற என்னைத்தான் பார்த்தார்கள். “இப்படிப் பிள்ளையை வெயிலுக்க கொண்டு திரியிறியே, நீயும் ஒரு தாயோ?” என்றார் அந்த அம்மா. மண்ணைப் பிளந்துகொண்டு உள்ளே போய்விடலாம் போலிருந்தது. பஸ்ஸில் அந்த வசதியும் இல்லை.

இந்த நிலையில்தான் கலியாணக்காரரை ஏற்றிப் போகிற ஓடர் ஒன்று வந்தது. மாப்பிள்ளை பட்டணத்தில், பொம்பிளை கட்டைபறிச்சானில். தெருவால் வான் வண்டியில் போகலாம். ஆனால் மாப்பிள்ளையின் மாமா, “எல்லாரும் வானில போகினம். நாங்கள் கடலால போவம்” என்று முடிவெடுத்துவிட்டார். மூதூர்க் கரையிலிருந்து கட்டைபறிச்சானுக்குக் கொண்டுபோக வான்கள் காத்திருக்கும். எங்கள் லோஞ்சுக்கு மாவிலை கட்டினோம்.

மானஸ்தருக்குத் தூக்கமில்லை. கலியாண வீட்டுச் சனம் எஞ்சினை எட்டிப் பார்த்தால் என்ன நினைக்கும்? துருவைச் சுரண்டினார். ஸ்டார்ட்டரைக் கழற்றித் துடைத்தார். பிறகு எஞ்சின் முழுவதற்கும் வெள்ளிப் பெயின்ற் அடித்தார். உள்ளே, வெளியே, மடிப்பு, மூலை ஒன்றும் விடவில்லை. முடிந்தபோது எஞ்சின் கோயில் தேர் மாதிரி மின்னியது.

காலையில் பட்டுச்சேலைகளும் தாம்பாளங்களும் மேளகாரரும் ஏறியாயிற்று. மாப்பிள்ளை தலைப்பாகையோடு முன்னால் உட்கார்ந்தார். நானா திறப்பைத் திருப்பினார்.

டக்.

இன்னொருமுறை. டக்.

மேளகாரர் அதற்கும் ஒரு தாளம் வாசித்தார்.

மானஸ்தர் ஸ்டார்ட்டரைக் கழற்றி மேலே கொண்டுவந்து வயரால் பற்றரியோடு தொடுத்துப் பார்த்தார். பம்பரமாகச் சுற்றியது. கொண்டுபோய்ப் பூட்டினார். டக். மறுபடி கழற்றினார், சுற்றியது. பூட்டினார், டக். வெளியே எடுத்தால் உயிர், உள்ளே வைத்தால் சவம். பக்கத்து லோஞ்ச்காரர் கயிற்றைத் தூக்கிக் காட்டி, “கட்டி இழுக்கவோ?” என்று கேட்டார்.

“முதல் என்ர கழுத்தில கட்டி இழுங்கோ!” என்றார் மானஸ்தர்.

மாமா மணிக்கூட்டைப் பார்த்தபடி என்னிடம் வந்தார். “தங்கச்சி, முகூர்த்தம் தப்பினால் பொம்பிளை வீட்டாருக்கு நான் என்ன கதை சொல்லுறது?” கடலால் போக யோசித்ததற்காக அவருடைய ஆட்களே அவரை ஏசிக்கொண்டிருந்தார்கள். நான் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. பட்டுச்சேலைகளின் கரைகளை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அப்போது மாப்பிள்ளையின் பெரியம்மா எஞ்சின் அறைக்குள் எட்டிப் பார்த்தார். வியர்வையைத் துடைத்துத் துடைத்து மானஸ்தரின் முகமெல்லாம் வெள்ளி. “மாப்பிள்ளைக்குச் சந்தனம், இவருக்கு வெள்ளிப் பூச்சோ?” என்றார். மேலே எல்லோரும் சிரித்தார்கள்.

மானஸ்தர் தன் கையைப் பார்த்தார். ஸ்டார்ட்டர் போய் உட்காருகிற இடத்தைப் பார்த்தார். அங்கேயும் வெள்ளி. இரும்போடு இரும்பு ஒட்டினால்தான் கரண்ட் ஓடும். நடுவில் அழகாக இரண்டு பூச்சுப் பெயின்ற். அவர் கத்தியை எடுத்துச் சுரண்டினார்.

எஞ்சின் ஒரே திருப்பில் எழும்பியது. சனம் கைதட்டியது.

நான் குனிந்து மெதுவாகச் சொன்னேன்: “ஒண்டும் சொல்லாதேங்கோ. பழைய சாமான், தேஞ்சு போச்செண்டு விடுங்கோ.”

அவர் என்னைப் பார்த்த பார்வை இப்போதும் என்னைச் சுடும். மேலே ஏறி வந்து எல்லோருக்கும் முன்னால் கைகட்டி நின்றார்.

“எஞ்சினில பிழையில்லை. வடிவா இருக்கவேணுமெண்டு பெயின்ற் அடிச்சனான். அதாலதான் நிண்டது. பிழை என்ர.”

எஞ்சின் சத்தத்தில் ஒருவருக்கும் கேட்கவில்லை. “என்ன சொல்லுறார்?” என்றார் பெரியம்மா. பாவம், இரண்டாம் முறையும் அதையே உரக்கச் சொல்ல வேண்டியதாயிற்று.

“சரி தம்பி, இப்ப ஓடுதெல்லோ? இருங்கோ, பலகாரம் சாப்பிடுங்கோ” என்றார் பெரியம்மா.

அவர் இருக்கவில்லை. கரையில் இறங்கி, ஸ்பானர் பெட்டியையும் விட்டுவிட்டு நடந்தார். “தங்கச்சி, அந்தாள் எங்க போறார்?” என்று நானா கேட்டார். நான் கயிற்றை அவிழ்த்தேன். முகூர்த்தம் தப்பவில்லை. மூதூர்க் கரையில் மாப்பிள்ளை வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வானுக்கு ஓடினார், அவ்வளவுதான்.

அடுத்தநாள் மானஸ்தர் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. போன் எடுத்தால் எடுக்கவில்லை. இறக்கக்கண்டியில் தன் தங்கை வீட்டில் இருக்கிறாரென்று கேள்விப்பட்டுப் போனேன். வீட்டுக்குப் பின்னால் வலையில் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் வலையை முகம் வரைக்கும் உயர்த்தினார். வலைதானே, முகம் நன்றாகத் தெரிந்தது.

“நான் இனி வரமாட்டன். ஊர் முழுக்க என்ர கதைதான் நடக்கும்.”

“ஒருத்தரும் கதைக்கேல்லை. கலியாணத்தண்டைக்குச் சமையல்காரர் பாயாசத்துக்குச் சீனி போட மறந்திட்டார். சனம் அதைத்தான் இன்னும் கதைக்குது.”

வலையில் ஒரு சிக்கை எடுக்கப்போய் இரண்டாக்கினார்.

“ஒருத்தருமே கதைக்கேல்லையோ?” குரலில் சிறிது மனவருத்தம்.

“இல்லை.”

“அந்தச் சமையல்காரர் ஓடிட்டாரோ?”

“எங்க ஓடுறது? பந்தியில நிண்டு ஒவ்வொரு இலைக்கும் சீனி தூவினவர்.”

“வெக்கமில்லாத மனுசன்” என்றார் மானஸ்தர், மிகுந்த மரியாதையுடன்.

பிறகு வலையைக் கீழே வைத்தார். “லோஞ்ச் ஓடுதோ?”

“இல்லை. திரும்பவும் டக் எண்டு படுத்திட்டுது. ரெண்டு மெக்கானிக்மார் வந்து திருத்தவோ எண்டு கேட்டவை. எஞ்சின் அறைக்குள்ள நான் விடேல்லை.”

“ஏன்?”

அதற்கு என்னிடம் பதில் இருந்தது. சொல்லத்தான் வெட்கமாக இருந்தது. “சும்மாதான்” என்றேன். அவர் எழும்பிப் போய்ச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார்.

லோஞ்ச் இன்றும் மூதூருக்குப் போய் வருகிறது. சில காலைகளில் எஞ்சின் எழும்பாது. அப்போது எனக்கு முதலில் வருவது கோபமும் அல்ல, நட்டக் கணக்கும் அல்ல. இந்த மனிதர் இன்றைக்குச் சாப்பிடாமல் கிடக்கப் போகிறாரே என்பதுதான். அதனால் நான் எப்போதும் இரண்டு பேருக்குச் சோறு கட்டிக்கொண்டுதான் போகிறேன்.