முனகும் மெஷின்

"மெஷின்ல ஏதோ முனகுது" என்றார் சூப்பர்வைசர் இருதயராஜ்.

வீரபாகு மூச்சை அடக்கிக்கொண்டான். முனகல் நின்றது. முனகியதே அவன்தான்.

மூன்று மாதத்துக்கு முன், ஆம்பூர் தோல் தொழிற்சாலையில் அவன் ஓட்டும், தோலைச் சீவுகிற மெஷினின் பெல்ட் அறுந்து காதோரம் சீறிக்கொண்டு போனது. ஒரு கீறல்கூட இல்லை. புது பெல்ட்டும் போட்டாயிற்று. ஆனால் மெஷின் ஓட ஆரம்பித்தால் கை உதறியது. எதிரே நின்று தோலை வாங்கி அடுக்கும் கங்கம்மாள் மறுநாளே ஒன்றும் நடக்காதது போல வேலைக்கு வந்தாள். அவளுக்கு இல்லாத நடுக்கம் தனக்கா என்று அவனுக்கு வெட்கமாக இருந்தது.

வேலூர் டாக்டர் மாத்திரை தரவில்லை. "தப்பிச்சது உன் மனசுக்குத் தெரியும்பா. உடம்புக்கு இன்னும் சேதி போகல" என்றார். மூச்சை நீளமாக விட்டு 'ம்ம்ம்' என்று முனகு, தொடையை மாற்றி மாற்றித் தட்டு, பாதத்தைத் தரையில் அழுத்து. இவ்வளவுதான் வைத்தியம்.

முனகினால் கை உதறல் நின்றது. ஆனால் பயந்தவனை மெஷினில் விடமாட்டார்கள், தோல் ஊறும் சுண்ணாம்புத் தொட்டிக்குத் தள்ளிவிடுவார்கள். பன்னிரண்டு வருஷ ஆபரேட்டர் வேலை போய்விடும். அதனால் அவன் யாரிடமும் மூச்சு விடவில்லை.

மெக்கானிக் வாஹித் பாஷா வந்து மெஷினுக்குள் தலையை விட்டார். "ஓட்டு, கேப்போம்."

ஓட்டினான். கை உதறியது. வேறு வழியில்லாமல் முனகினான்.

"பேரிங்தான் சார்" என்று வாஹித் பாஷா சுவிட்சை அணைத்தார். பதற்றத்தில் வீரபாகு முனகலை நிறுத்த மறந்தான்.

இருதயராஜ் இரண்டடி பின்வாங்கினார். "இன்னா பாய், ஆஃப் பண்ணியும் வருது?"

"அப்போ கரெண்ட் லீக்கு. யாரும் தொடாதீங்க."

அன்று முழுக்க மெஷினைக் கழற்றி மாட்டினார்கள். மறுநாள் வீரபாகு முனகலை விட்டுவிட்டுத் தொடையைத் தட்டினான்.

"இப்போ டக்கு டக்குனு கேக்குது" என்றார் இருதயராஜ்.

"ஷாஃப்ட் ஆடுது சார்."

மறுபடியும் கழற்றினார்கள். மூன்றாம் நாள் வீரபாகு பாதத்தை அழுத்தினான். காலடியில் இருந்த பலகை கிறீச்சிட்டது.

"தரையே இறங்குது சார்" என்றார் வாஹித் பாஷா. சொல்லும்போது அவருக்கே கொஞ்சம் சந்தேகமாக இருந்தது.

இருதயராஜுக்குப் பொறுமை போய்விட்டது. "பேஜாரா போச்சு. நாளைக்கும் சத்தம் வந்தா மெஷினை ராணிப்பேட்டைக்கு ரிப்பேருக்கு அனுப்பிடு பாய். அது திரும்பி வர்ற வரைக்கும் வீரபாகு சுண்ணாம்புத் தொட்டிக்குப் போகட்டும்."

எதற்குப் பயந்தானோ அதுவே வந்து நின்றது.

நான்காம் நாள் வீரபாகு பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினான். முனகவில்லை, தட்டவில்லை, அழுத்தவில்லை. கை மட்டும் தன்பாட்டுக்கு உதறியது. இரண்டு தோல் கிழிந்தது. இருதயராஜ் அதைக் கவனிக்கவில்லை, காதை மட்டும் தீட்டிக்கொண்டு நின்றார்.

"சத்தமே இல்ல. சரி பண்ணிட்டியே பாய்."

வாஹித் பாஷா அடக்கமாகச் சிரித்தார். இனி ஆயுசுக்கும் இந்த உதறலோடுதான் என்று வீரபாகு நினைத்தான்.

எதிர்ப்பக்கம் அடுக்கியிருந்த தோல்கள் சரிந்து விழுந்தன. கங்கம்மாள் அவற்றை எடுக்கவில்லை. இரண்டு கையையும் புடவைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டு மெக்கானிக்கிடம் வந்தாள்.

"பாய், உள்ளேர்ந்து இன்னா எடுத்தீங்களோ, அதைத் திரும்ப மாட்டிடுங்க. பெல்ட் அறுந்ததுலேர்ந்து அந்த முனகல் கேட்டாத்தான் எனக்குக் கை நடுங்காம நிக்குது."