டூல்பார் படங்களும் மாமனாரின் ராஜினாமாவும்

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தையும் நலம். அத்தை என்னைவிடச் சற்றுக் கூடுதல் நலம். நீங்களும் மகளும் பேத்தியும் சுகம் என்பதை நேற்றே போனில் கேட்டுத் தெரிந்துகொண்டேன் என்றாலும், கடிதம் என்றால் மறுபடியும் விசாரிப்பதுதான் முறை. விஷயத்தையும் போனிலேயே சொல்லியிருக்கலாம். சொல்ல வாயெடுத்தால் பக்கத்தில் நின்று உங்கள் அத்தை சிரிக்கிறாள், அதனால் எழுதுகிறேன்.

நூலகங்களுக்காக உங்கள் கம்பெனி செய்திருக்கும் சாஃப்ட்வேருக்கு நான் எழுதிவரும் பயனர் கையேட்டை, தயவுசெய்து வேறு யாரிடமாவது ஒப்படைத்துவிடுங்கள். கல்யாணமான நாளிலிருந்து நீங்கள் என்னிடம் வாய்விட்டுக் கேட்ட ஒரே உதவி இது. அச்சகத்தில் காலமெல்லாம் பிழை திருத்தியவனுக்கு இதெல்லாம் ஒரு வேலையா என்று நானும் மீசையை முறுக்கிக்கொண்டுதான் ஒப்புக்கொண்டேன். அடுத்த வாரம் அது அச்சுக்குப் போக வேண்டும், நூலகத்துப் பெண்கள் அதை வைத்துத்தான் பழகப் போகிறார்கள் என்பதெல்லாம் தெரியும். தெரிவதால்தான் வெட்கமாக இருக்கிறது.

எழுத்தில் ஒரு குறையும் இல்லை, படத்தில்தான் வினை வந்தது. ஸ்க்ரீனின் மேல்பக்கம் டூல்பாரில் வரிசையாகப் பொத்தான்கள், ஒவ்வொன்றிலும் குட்டியாக ஒரு படம் இருக்கிறதல்லவா? ‘இந்தப் பொத்தானை அழுத்தவும்’ என்று எழுதும் இடத்தில் அந்தப் படத்தையும் போட்டால்தான் படிப்பவருக்குப் புரியும். எனவே ஸ்க்ரீனைப் படம் பிடித்து, வெட்டி வெட்டி ஒட்டினேன். ஒரு பொருளைக் காட்டும்போது அதன்மேல் விரலை வைத்துக் காட்டுவதுதானே வழக்கம்? நானும் ஒவ்வொரு பொத்தான்மேலும் மவுஸை வைத்துத்தான் பிடித்தேன். பிறகு உங்கள் அத்தையைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்து, கையேட்டைப் பார்த்து வேலை செய்யச் சொன்னேன். வெகுநேரம் தேடினாள். “என்னங்க, புத்தகத்துல எல்லாப் பொத்தான்லயும் ஒரு அம்பு இருக்கு. ஸ்க்ரீன்ல ஒண்ணுலகூட அம்பைக் காணோமே?” என்றாள். அம்பு என்பது மவுஸ்தான் என்று விளக்குவதற்குள் எனக்கு நாக்குத் தள்ளிவிட்டது.

மவுஸை ஓரம் கட்டிவிட்டு மறுபடியும் பிடித்தேன். சாஃப்ட்வேரில் எந்த நூலின் விவரத்தையும் திறக்காமல் பிடித்ததால், பொத்தான்கள் தூங்கிக்கொண்டிருந்திருக்கின்றன, அத்தனையும் சாம்பல் நிறம். “செத்துக் கிடக்கற பொத்தானைப் போய் அழுத்தச் சொல்றீங்களே?” என்றாள். உயிரோடு இருக்கும்போது பிடித்துப் பெரிதாக்கினால், படம் கட்டம் கட்டமாக உடைந்து குளியலறைத் தரை மாதிரி ஆகிவிட்டது. சரி, அசலையே கேட்டு வாங்குவோம் என்று உங்கள் ப்ரோகிராமர் தம்பிக்குப் போன் போட்டேன். தங்கமான பிள்ளை, உடனே அனுப்பிவிட்டார். எடுத்து ஒட்டினேன், பக்கம் காலி.

“தம்பி, ஒண்ணுமே வரலையே?”

“வந்திருக்கும் சார். எல்லாப் படமும் அங்கதான் இருக்கு. வெள்ளைக் கலர்ங்கறதால தெரியல.”

“ஸ்க்ரீன்ல மட்டும் தெரியுதே?”

“அங்க அடியில நீலப் பட்டை இருக்கு சார். பேப்பரையும் நீலமா அடிச்சிட்டா தெரிஞ்சிடும்.”

வெள்ளைத் தாளில் வெள்ளைப் படம்! ஒரு பிழைகூடச் சொல்ல முடியாத இப்படியொரு பக்கத்தை என் தொழிலில் நான் பார்த்ததே இல்லை மாப்பிள்ளை. கறுப்பில் செய்து தாருங்கள் என்றால், அவற்றை வரைந்த பெண் பிரசவ விடுப்பில் இருக்கிறாளாம், அந்தக் கோப்புகளின் பாஸ்வேர்டும் அவளோடு விடுப்பில் போய்விட்டதாம். பிள்ளை பெற்று மூச்சு வாங்கிக்கொண்டிருப்பவளிடம் போய், ‘நீக்கு’ பொத்தானுக்குக் குப்பைத் தொட்டிப் படம் கொடு என்று கேட்க எனக்கு மனசு வரவில்லை.

கடைசியில் பேனாவை எடுத்து நானே வரைந்தேன். ‘தேடு’ பொத்தானுக்கான பூதக்கண்ணாடி கரண்டி மாதிரி வந்துவிட்டது. “இதைப் பார்த்தா யாரும் தேட மாட்டாங்க, சோறு போடுவாங்க” என்றாள் உங்கள் அத்தை. அவள் கேலி கிடக்கட்டும். ஸ்க்ரீனில் ஒன்று, புத்தகத்தில் ஒன்று என்றால் அது பிழைதானே? அசலோடு ஒத்துப்போகாத பக்கத்தை நான் ஒருநாளும் அச்சுக்கு அனுப்பியதில்லை. உங்கள் உதவி என்பதற்காக இப்போது அனுப்பினால், மாமனாராகத் தேறுவேன், பிழை திருத்துபவனாகத் தேற மாட்டேன். கோபிக்காமல் என்னை விட்டுவிடுங்கள்.

மகளுக்கும் பேத்திக்கும் எங்கள் ஆசிகள். வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள். எடுத்த காரியமெல்லாம் உங்களுக்காவது கைகூடட்டும்.

இப்படிக்கு,
உங்கள் முகத்தில் விழிக்கக் கூசும்
மாமா

பின்குறிப்பு: ஒட்டி இரண்டு நாளாகத் தபாலில் போடாமல் வைத்திருந்த உறையைப் பிரித்து இதைச் சேர்க்கிறேன். நேற்று வீட்டுக்கு வந்த ப்ரோகிராமர் தம்பி என் படங்களைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்தபடியே அவற்றைப் போனில் படம் எடுத்துப் போய் நூலகத்துப் பெண்களிடம் காட்டியிருக்கிறார். எது எதற்கு என்று அவர்கள் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிட்டார்களாம். பழைய படங்களில் பாதி அவர்களுக்குப் புரியவே இல்லையாம். உடனே தம்பி என் படங்களையே டூல்பாரில் ஏற்றிவிட்டார். புத்தகமும் ஸ்க்ரீனும் இப்போது அச்சு அசலாக ஒன்று. ஆகவே மேலே உள்ளதைப் படிக்காததாக வைத்துக்கொள்ளுங்கள், கையேடு சொன்னபடி அச்சுக்குப் போகும். ஆனால் ஒன்று. குப்பைத் தொட்டியின் மூடி கோணலாக இருக்கிறதாம், லேசாக நேராக்கிக்கொள்ளட்டுமா என்று தம்பி கேட்கிறார். ஒரு கோட்டின் மேலும் யாரும் கை வைக்கக் கூடாது என்று முதலாளி என்ற முறையில் நீங்கள் ஓர் உத்தரவு போட்டுவிடுங்கள்.