வேலம்பட்டையார் தன் வாயில் வளர்த்த கிருமிகள்

திருத்தணியில் யாருடைய முகத்தையும் பாராமல் பல்லை மட்டும் பார்த்துப் பேசிய மனிதர் ஒருவர்தான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதுகளில், மலையடிவாரத்து ஆஸ்பத்திரியில் அவர் மருந்து கலக்கும் கம்பவுண்டர். நான் பக்கத்து மேசையில் சீட்டு எழுதும் குமாஸ்தா. அவருடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலுக்கு மட்டும்தான் தெரியும். ஊருக்கு அவர் வேலம்பட்டையார்.

கருவேலம்பட்டையையும் கொய்யா இலையையும் சுண்டக் காய்ச்சிக் கொப்பளித்தால் பல்லை அரிக்கும் கிருமி சாகும் என்பது அவர் கட்சி. காய்ச்சலுக்கு வந்தவர்களையும் கொப்பளிக்க வைத்தார். முள் குத்தி வந்த பொதட்டூர்பேட்டை நெசவாளி, "காலுக்கு மருந்து கேட்டா வாயைத் தொறன்றாரே!" என்று அலறியதில் விஷயம் டாக்டர் காதுக்குப் போயிற்று.

"கிருமி சாவறதை நீ கண்ணால பார்த்தியாய்யா?"

"இல்லீங்க. மைக்ராஸ்கோப்பு உங்க ரூம்லதானே கீது? பாத்துட்டா போச்சு."

"பதினஞ்சு நாள் தரேன். காட்டலைன்னா வேலை போயிடும்."

சோதனைக்குக் கிருமி மண்டிய வாய் ஒன்று வேண்டும். யாரும் தரவில்லை. தன் வாயிலேயே வளர்க்க ஆரம்பித்தார். பல் தேய்ப்பதை நிறுத்தினார். வேளாவேளைக்கு வெல்லம் தின்றார். மூன்றாம் நாளே என் மேசை ஜன்னல் பக்கம் போய்விட்டது.

"இன்னாங்க, மேசை நவுந்துகினே போவுது?"

"காத்துக்குங்க" என்றேன், மூச்சை அடக்கிக்கொண்டு.

பதினைந்தாம் நாள் பல்லைச் சுரண்டிக் கண்ணாடித் துண்டில் தடவினார். குனிந்து பார்த்த டாக்டர், "அடேயப்பா, ஆடிக் கிருத்திகைக் கூட்டம்!" என்றார். பட்டைத் தண்ணீரில் கொப்பளித்தபின் மறுபடி பார்த்தார்.

"கொறைஞ்சிருக்குய்யா. ஆனா வெறும் தண்ணியில கொப்பளிச்சாலும் கொஞ்சம் கொறையுமே?"

"ஆங், நியாயம்தாங்க. அதையும் பாத்துடலாம். இன்னொரு பதினஞ்சு நாள்."

"வேணாம்யா!" என்று டாக்டரும் நானும் ஒரே குரலில் கத்தினோம்.

கேட்பவரா அவர்? மறுபடியும் வெல்லம். இம்முறை வெறும் தண்ணீரில் கொப்பளித்துக் காட்டினார். கூட்டம் அவ்வளவாகக் கலையவில்லை. டாக்டர் இறங்கி வந்தார். "வராண்டாவுல ஒரு ஜாடி வெச்சுக்கோ. ஆனா ஏற்கெனவே விழுந்த சொத்தை இதனால ஆறாது, சொல்லிட்டேன்."

அதற்கு அத்தாட்சியும் அவர் வாயிலேயே இருந்தது. முன்பே பழுதாகியிருந்த கடைவாய்ப்பல் ஒரு மாத வெல்லத்தில் தாங்க முடியாத வலி கண்டது. டாக்டர் பிடுங்கி எடுத்தார்.

மறுநாள் கஞ்சி எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். ஒரு பக்கக் கன்னம் பூசணியாக வீங்கியிருக்க, நோட்டுப் புத்தகத்தில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் பென்சிலால் வாயைத் திறக்கும்படி சைகை காட்டினார். நாலு வருஷமாக ஏதேதோ சாக்குச் சொல்லித் தப்பித்தவன் நான்.

கஞ்சியைக் கீழே வைத்துவிட்டு, வெளிச்சம் விழும் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்து, அகலமாகத் திறந்தேன்.