ஸ்டாண்டு இல்லாத சைக்கிள்

கடவுளே நேரில் வந்து நின்றாலும், இரண்டு தோளும் ஒரே அளவுதானா என்று டேப் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கையெடுத்துக் கும்பிடுவார் எங்கள் தெரு கமெண்ட்ஸ் அண்ணன். கும்பிட்ட பிறகும் சும்மா விடமாட்டார். "நல்லாத்தான் இருக்கறீங்க சாமி. ஆனா ஒரு சின்ன கமெண்ட்ஸ் இருக்குதுங்க" என்று ஆரம்பித்துவிடுவார்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ரேஷன் கார்டில் இருக்கலாம். தெருவில் யாருக்கும் தெரியாது. திருப்பூரில் சாம்பிள் பனியன் தைத்து வெளிநாட்டுக்கு அனுப்பினால், காலர் தூக்குகிறது, கை இறங்குகிறது என்று அதை வாங்கும் பையர் குறை எழுதி அனுப்புவான். அதற்குப் பெயர்தான் கமெண்ட்ஸ். பையராவது பனியனோடு நிறுத்திக்கொள்வான். எக்ஸ்போர்ட் கம்பெனியில் செக்கிங் பார்த்துப் பார்த்து ஊறிப்போன அண்ணனுக்கு அந்தக் கட்டுப்பாடெல்லாம் கிடையாது. பேக்கரி வெஜ் பப்ஸில் மடிப்பு கோணல் என்பார். கோயில் வாசலில் கட்டிய இரண்டு வாழைமரமும் வேறு வேறு லாட் சரக்கு என்பார். என் கல்யாண ஆல்பத்தைப் புரட்டிவிட்டு, "பொண்ணு, மாப்ள ரெண்டும் ஓகேங்க தம்பி. மாலைதான் ஒரு பக்கம் எறங்குது" என்றார். என் மனைவி அதற்குப் பிறகு அந்த ஆல்பத்தைத் திறக்கவே இல்லை.

இதில் இன்னொரு கஷ்டம், மனிதர் ஓரிடத்தில் உட்காரமாட்டார். செக்கிங் டேபிளில் நின்றே பழகிய உடம்பு. நாற்காலி போட்டால் அதைச் சுற்றி நடப்பார்.

ஆர்டர் குறைந்து கம்பெனி அவரை வீட்டுக்கு அனுப்பியதும், இந்த இரண்டு குணமும் சேர்ந்து வீட்டுக்குள் வந்து இறங்கின. அவர் மனைவி தங்கமணி அக்கா வீட்டின் முன்பக்கத்தில் நாலைந்து தையல் மெஷின்களோடு பவர் டேபிள் போட்டு, கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க் தைத்துக் கொடுக்கிறார். அண்ணன் சம்பளம் நின்றபிறகு அடுப்பு எரிந்தது அதை வைத்துத்தான். அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு நேராக அந்த மெஷின்களுக்குப் பின்னால் போய் நின்றார்.

"இந்தத் தையல் என்னுங்க, பாம்பு போன தடமாட்டப் போகுது?"

தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து தைக்கும் எஸ்தரும் அவள் கணவனும்தான் அக்காவுக்கு இரண்டு கைகள். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்த எஸ்தர், கத்தரிக்கோலை டேபிள்மேல் வைத்துவிட்டு எழுந்தாள்.

"எக்கா, அண்ணாச்சி பின்னால வந்து நின்னாகன்னா எனக்குக் கையும் ஓட மாட்டேங்கு, காலும் ஓட மாட்டேங்கு. ஒண்ணு அண்ணாச்சி இங்கன நிக்கட்டும், இல்ல நாங்க இருக்கோம். நீங்களே முடிவு சொல்லுங்க."

அக்கா எதைச் சொல்வார்? எஸ்தர் குடும்பம் போய்விட்டால் பவர் டேபிளை மூடவேண்டியதுதான். அதற்காக, வேலை போன மனிதரை வீட்டைவிட்டும் வெளியே போ என்று எந்த வாயால் சொல்வது? பக்கத்து வீட்டுக்காரனான என்னைச் சுவர் ஓரமாக வந்து கூப்பிட்டார்.

"தம்பி, உங்கண்ணன் காலைல வெளிய போனா வெயில் ஏறித்தான் ஊட்டுக்கு வரோணும். அவரு மனசும் கோணக்கூடாது. என்ன பண்றதுங்க?"

நான் ஒரு கம்பெனியில் மெர்ச்சண்டைசர். பையர் மனம் கோணாமல் பொய் சொல்வதுதான் எனக்குச் சோறு போடும் தொழில். "சைக்கிள் வாங்கிக் குடுங்கக்கா. டாக்டர் சொன்னாருன்னு சொல்லிக்கலாம்" என்றேன்.

அக்கா ஏலச்சீட்டை எடுத்து வாங்கிய சைக்கிள் லேசுப்பட்டதல்ல. ரொம்ப விலையும் இல்லை, மட்டமும் இல்லை என்று கடைக்காரர் காட்டிய அலுமினிய ரோடு பைக். ஆட்டுக்கொம்பாக வளைந்த ஹேண்டில்பார், விரல் பருமனுக்கு டயர்.

வந்த அன்றைக்கு அண்ணன் அதை ஓட்டவில்லை. துணி ரோலைப் பிரித்த சூட்டோடு வெட்டக்கூடாது, விரித்துப் போட்டு ஒருநாள் ஆறவிட வேண்டும், இல்லாவிட்டால் தைத்தபிறகு சுருங்கும் என்பது பனியன் தொழிலின் பால பாடம். அண்ணன் சைக்கிளையும் கட்டில்மேல் படுக்கவைத்து ஆறவிட்டார். அண்ணனும் அக்காவும் அன்றைக்குப் பாயில் படுத்தார்கள்.

மறுநாள் பழைய கம்பெனி நண்பரிடம் கையில் பிடிக்கும் ஊசி மெஷினை இரவல் வாங்கி வந்தார். பனியனுக்குள் உடைந்த ஊசி கிடந்தால் கத்திக் காட்டிக்கொடுக்கும் மெஷின் அது. இரும்பென்றால் அலறும், அலுமினியத்துக்கு வாய் திறக்காது. செயின் பக்கம் போனதும் தெருவே எட்டிப் பார்க்கும்படி அலறியது. பிரேமின் மேலும் கீழும் ஓட்டினார். மூச்சில்லை.

"அலுமினியந்தானுங்க! கடைக்காரன் ஏமாத்தல" என்று மலர்ந்தவர், அப்படியே அதை என் பக்கம் திருப்பினார். என் பெல்ட் பக்கிளைப் பார்த்து மெஷின் வீறிட்டது. "தம்பி, உங்களுக்குள்ளதான் ஊசி இருக்குதுங்க" என்றார்.

அதற்குப்பின் தினமும் விடிந்தால் தாராபுரம் ரோடு. உச்சி வெயிலில் திரும்பி வரும்போது மூலை பேக்கரியில் டீயோடு கமெண்ட்ஸ். சைக்கிளுக்கு ஸ்டாண்டு இல்லை. சுவரில் சாய்த்தால் பெயிண்ட் போய்விடும் என்று ஒரு கையில் டீயும் ஒரு கையில் சைக்கிளுமாக நிற்பார். நிற்கத் தெரியாத வண்டியும் உட்காரத் தெரியாத ஆளும் எப்படி ஒன்று சேர்ந்தார்கள் என்று எனக்கு வியப்பாக இருக்கும்.

"கேரியர் இல்ல, மட்கார்டு இல்ல, ஸ்டாண்டு இல்ல. பாதி சைக்கிள்தான் குடுத்தாங்களா?" என்று டீ மாஸ்டர் கேட்டார்.

"அந்தப் பாதி இல்லாததுக்குத்தானுங்க காசே. ஒரு மிதி மிதிச்சா ஊர் தாண்டுது. மேட்டுல நெம்ப நல்லா ஏறுது. ஒரே ஒரு கமெண்ட்ஸ். ரோட்டுல கல்லு கெடந்தா அது என்ன கல்லுன்னு மொழங்கைக்குத் தெரிஞ்சு போகுதுங்க."

வீட்டில் மெஷின்கள் தடதடவென்று ஓடின. எஸ்தர் பாட்டுப் பாடிக்கொண்டே தைத்தாள். புதிதாக ஒரு கம்பெனி ஒரு வேன் நிறையும் அளவு பனியனை அவசர லாட்டாகத் தைக்கக் கொடுத்தது. சொன்ன நாளில் மூன்று மணிக்குள் வேனில் ஏற்றினால் தொடர்ந்து வேலை தருவோம், தவறினால் அதோடு சரி என்று சொல்லிவிட்டது.

அந்த நாளும் வந்தது. அன்றைக்குப் பார்த்து அண்ணனைக் காணவில்லை. வழக்கமாகத் திரும்பும் நேரம் தாண்டிவிட்டது. அக்கா தலையில் நூல் பிசிறோடு எங்கள் வாசலுக்கு ஓடிவந்தார்.

"தம்பி, டீ கூடக் குடிக்காமப் போனாருங்க. போனும் எடுக்க மாட்டேங்கறாரு. அந்த ரோட்டுல லாரி போற போக்கு..."

ஸ்கூட்டரை எடுத்தேன். வழியில் கூட்டம் கூடியிருந்த இடமெல்லாம் நிறுத்தி எட்டிப் பார்த்தேன். ஒரு கூட்டம் தர்பூசணி வண்டி; இன்னொன்று பஸ்ஸுக்கு நின்றவர்கள். கடைசியில் அவிநாசிபாளையத்தில் கண்டுபிடித்தேன். அண்ணன் அங்கிருந்த கடைகளுக்கு முன்னால் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஓட்டுவதும், திரும்புவதும், மறுபடி ஓட்டுவதுமாக இருந்தார்.

"காலைல இருந்து இதே பொழப்புங்க" என்றார் இளநீர்க்காரர். "எறங்கவும் மாட்டேங்கறாரு, போகவும் மாட்டேங்கறாரு. ஏனுங்க, உங்காளுங்களா?"

குறுக்கே ஸ்கூட்டரை நிறுத்தினேன். அண்ணன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

"ஊட்டுக்கு வராம இங்க என்னுங்கண்ணா பண்றீங்க?"

"லாட்டு போயிருச்சுங்களா தம்பி?"

"இன்னும் இல்லீங்க."

"அப்பறம் நான் எப்படீங்க வர்றது? கடைசி பீஸு தைக்கறப்ப நான் போய் நின்னா எஸ்தரு புள்ளைக்குக் கை ஓடாதுங்க. சும்மா இருந்தறலாம்னுதான் நெனைக்கறேன். முடியறதில்லீங்க. கண்ணு தானாத் தையலுக்குப் போயிருது. வேன் வந்து ஏத்தட்டும், வாரேன்."

ஸ்கூட்டரை ஓரமாகத் தள்ளி நிறுத்தினேன். அவரே தொடர்ந்தார்.

"டாக்டர் சைக்கிள் ஓட்டச் சொன்னாருன்னு ஊட்டுல அவ சொன்னா. நான் எந்த டாக்டருகிட்டங்க போனேன்? போச்சாது, உடுங்க. வெளிய போன்னு சொல்ல என்ற ஊட்டுக்காரிக்கு மனசு வரலீங்க. அதுக்காகச் சீட்டெடுத்து இதைய வாங்கியிருக்கறா. ஓட்டாம இருக்க முடியுங்களா?"

"அப்ப உங்களுக்கு சைக்கிள் புடிக்கலீங்களா?"

சுற்றும்முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "முதுகு புடுங்குதுங்க. கை மரத்துப் போகுது. சீட்டுன்னு ஒண்ணு வெச்சிருக்கறான் பாருங்க, அது சீட்டில்லீங்க, அருவாமணை. அவகிட்ட மட்டும் சொல்லிப்போடாதீங்க."

அந்த நேரம் பார்த்து என் போன் அடித்தது. அக்காதான். ஸ்பீக்கரில் போட்டேன்.

"இங்கதான் இருக்காருங்கக்கா. நல்லாத்தான் இருக்காரு. லாட்டு போனதும் வர்றாராமா."

அந்தப் பக்கம் ஒரு மெஷின் சத்தம்கூட இல்லை.

"லாட்டு கெடக்குதுங்க தம்பி. எஸ்தரு தைக்கறதை நிறுத்திப்போட்டு வாசல்ல நிக்கறா. உங்கண்ணன் வந்தாத்தான் மிசின்ல உக்காருவாளாமா. மொதல்ல அவரைக் கூட்டிட்டு வாங்க."

பின்னாலிருந்து எஸ்தரின் குரல் கேட்டது. "அண்ணாச்சி, வெயில் கொளுத்துது. வந்துருங்க. எவ்வளவு நேரம் வேணாலும் பின்னால நில்லுங்க."

அண்ணன் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார். வியர்வை என்றே வைத்துக்கொள்வோம். பிறகு காலைத் தூக்கி அந்த அருவாமணைமேல் உட்கார்ந்து மிதிக்க ஆரம்பித்தார்.

அந்த லாட், அக்கா டீ வாங்கிக் கொடுத்து உட்காரவைத்திருந்த வேன்காரரின் புண்ணியத்தில் எப்படியோ ஏறிப் போய்விட்டது. கம்பெனி அடுத்த வேலையும் கொடுத்தது. ஆனால் அன்றைக்குத் திரும்பி வரும் வழியில் எனக்கு லாட்டின் ஞாபகமே இல்லை. எத்தனையோ பேர் கூடவே இருந்து பாசம் காட்டுவார்கள். வீட்டில் இல்லாமலிருந்து பாசம் காட்டிய மனிதரை அன்றைக்குத்தான் பார்த்தேன். பின்னால் லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தன. "ஜோடி போட்டுப் போகக்கூடாதுங்க தம்பி, ரூல்ஸ் தப்பு" என்று அண்ணன் கத்தினார். காதில் விழாததுபோல், அவருக்கும் லாரிகளுக்கும் நடுவில், அவர் மிதிக்கும் வேகத்துக்கே ஸ்கூட்டரை உருட்டிக்கொண்டு வீடுவரை வந்தேன்.